மற்றவரின் வசனம்

போன மாதம் ஒரு படக் கம்பனியிலிருந்து என் கைபேசிக்கு ஒரு தகவல் வந்தது. யாழ்ப்பாணத்தில் படம் எடுக்கிறார்களாம். ஒரு தாய் வேடத்துக்கு என்னைப் பார்க்க விரும்புகிறார்களாம். பார்ப்பது என்றால் நேரில் அல்ல. ஒரு பக்க வசனம் அனுப்புவார்கள், அதை நான் வீட்டிலேயே பேசி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வசனம் வந்தது. தாயும் மகளும் கதைக்கும் காட்சி. கீழே ஒரு குறிப்பு: "மகளின் வசனம் வரும் இடங்களில் இரண்டு செக்கன் நிறுத்தினால் போதும்."

கதிரையை யன்னலடியில் போட்டு, போனைக் கணவரிடம் கொடுத்து, மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அந்த இரண்டு செக்கனுக்குள் விழுந்துபோனேன். இல்லாத மகள் என்ன சொன்னாள் என்பது எழுத்தில் இருக்கிறது. எப்படிச் சொன்னாள் என்று தெரியாமல் நான் எப்படி மறுமொழி சொல்வது?

"உமக்கு வயசு போயிட்டுது," என்றார் கணவர்.

"ஓம்," என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு மரியாதையாக ஒரு மறுப்பை எழுதி அனுப்பினேன். மனம் ஒன்றும் நோகவில்லை. இந்த வயதில் ஒன்றை வேண்டாம் என்று சொல்ல முடிவதும் ஒரு சுகம்தான்.

இதை எங்கள் நாடகக் குழுவின் இப்போதைய பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தபோது, "அப்ப நீங்கள் எப்பிடி அன்ரி வசனம் பாடமாக்கினனீங்கள்? அதை எழுதித் தாங்கோவன்," என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் என் வசனம் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. பாலா அண்ணையின் வசனம்தான் வருகிறது.

நான் இணுவிலில் பிறந்து, இணுவிலிலேயே கலியாணம் கட்டி, பகலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகவும் மிச்ச நேரத்தில் நடிகையாகவும் இருந்தவள். இரண்டில் எது என் தொழில் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று பிரியாவிடைக் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். நாடகத்தை விட்ட அன்று அப்படித் தூங்கவில்லை.

ஆரம்பம் எல்லோருக்கும் போலத்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இல்லப் போட்டிக்குத் தாடி ஒட்டிக்கொண்டு ராசாவாக நின்றேன். பிறகு கோயில் திருவிழா மேடை, வாசிகசாலை மேடை. சண்டைக் காலத்தில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் நடித்தோம். இடம்பெயர்ந்து போன இடத்தில் புளியமரத்தடியில் நடித்தோம். ஷெல் சத்தம் கேட்டால் எல்லோரும் நிலத்தோடு படுப்போம், ஓய்ந்ததும் விட்ட வசனத்திலிருந்து தொடங்குவோம். அப்பா நாலு வருஷம் நாடகத்தைப் பற்றி என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் வருஷம் முன்வரிசையில் வந்து இருந்தார். அதற்குப் பிறகும் கதைக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு நாடகத்துக்கும் வந்தார்.

நவம் மாஸ்டரிடம் போனபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. நடிப்பில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. மாஸ்டர் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். மெலிந்த உடம்பு, வெள்ளை அரைக்கைச் சேர்ட், சேர்ட் பையில் எப்போதும் ஒரு துண்டு வெண்கட்டி. ஒத்திகைக்கு என்று எங்களுக்கு இடம் ஒன்றும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் தன் கலியாண மண்டபத்தின் சாப்பாட்டு அறையைத் தருவார், அதுவும் கலியாணம் இல்லாத நாட்களில். அதனால் ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்கு நல்ல மாதங்கள். நீள மேசைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு, மாஸ்டர் வெண்கட்டியால் நிலத்தில் மேடையின் எல்லையைக் கீறுவார். கோட்டுக்கு உள்ளே வந்தால் ஊர்க்கதை கதைக்கக் கூடாது. கோட்டுக்கு வெளியே எதையும் கதைக்கலாம், அவரைப் பற்றியும் கூட.

பிரதி கைக்கு வந்த முதல் இரண்டு கிழமை ஒருவரும் தன் வசனத்தைத் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். என்னோடு நடிப்பவர் பாலா அண்ணை என்றால், அவர் வசனத்தை நான் பாடமாக்க வேண்டும், என் வசனத்தை அவர் பாடமாக்க வேண்டும். அப்படி மாறி நின்று முழு நாடகத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் அவரவர் இடத்துக்குப் போகலாம். முதல் நாளே நான் கேட்டேன்.

"மாஸ்டர், நான் மேடையிலை சொல்லப்போறது என்ரை வசனம்தானே. பேந்து ஏன் அவரின்ரை வசனத்தை நான் படிக்கிறன்?"

"உம்மடை வசனம் உம்மடை வாயிலை இருக்கு, அது எங்கையும் போகாது," என்றார். "ஆனா நீர் மேடையிலை நிக்கிற நேரத்திலை முக்கால்வாசி மற்றாள்தான் கதைக்கப்போறார். அவ்வளவு நேரமும் நீர் என்ன, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கப்போறீரோ?"

அவர் ஒருநாளும் சத்தம் போட்டவரல்ல. பிடிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவார். பார்க்க ஒன்றுமில்லை, காது மட்டும் போதும் என்று அர்த்தம். பிடித்திருந்தால், "ஓம், அப்பிடியே விடும்," என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

முதல் நாடகத்திலேயே எனக்காகக் கண்ணாடியைக் கழற்றினார். தம்பி செத்த செய்தி வரும்போது அக்காள் அழ வேண்டிய காட்சி. கண்ணீருக்கு நான் பேர் போனவள், நினைத்தவுடன் கொட்டும். கொட்டினேன். கண்ணாடி பைக்குள் போனது. அடுத்த நாள் ஒரு சுளகில் அரிசியோடு வந்தார். அதில் சின்னச் சின்னக் கற்களைத் தானே கலந்திருந்தார்.

"சீன் முடியிறதுக்குள்ளை கல்லு முழுக்கப் பொறுக்கோணும். வசனமும் சொல்லோணும். அழுகிறதும் அழாததும் உம்மடை விருப்பம்."

விளையாட்டு என்று நினைத்தேன். மத்தியானம் அந்த அரிசியில்தான் எங்கள் எல்லோருக்கும் சோறு சமைத்தார்கள். முதல் பிடி வாயில் வைத்த பாலா அண்ணை, பல்லில் நறுக்கென்று கல் கடிபட, தாடையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மனோ, இண்டைக்கு நீர் நடிச்சுப்போட்டீர் போலை."

ஒன்பது நாள் அவர் பல்லில் கல் கடிபட்டது. பத்தாம் நாள் ஒரு கல்லும் இல்லை. அன்று நான் அழுதேனா என்று எனக்கே தெரியாது. கண்ணும் கையும் சுளகில் இருந்தன, காது செய்தி கொண்டுவந்தவரிடம் இருந்தது. மாஸ்டர், "ஓம், அப்பிடியே விடும்," என்றார்.

பாலா அண்ணை தோட்டக்காரர். காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு, கால் சேற்றைக் கழுவிக்கொண்டு ஒத்திகைக்கு வருவார். நெடிய ஆள். மேடையில் நின்று சாதாரணமாகக் கதைத்தால் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். அந்தக் குரலை ஒருவருக்கும் படிப்பிக்க முடியாது. இருபத்தைந்து வருஷத்தில் ஒன்பது நாடகங்களில் நான் அவருக்கு மனைவி, இரண்டில் மகள், ஒன்றில் மாமியார். கதை நாயகன் எப்போதும் அவர்தான். பக்கத்தில் நின்று கேட்பவள் நான். அதில் எனக்குக் குறை இருந்ததா என்றால், இருந்தது. நாடகம் எழுதுபவர்கள் நல்ல நீண்ட வசனங்களையெல்லாம் ஆண்களுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அவருடைய அந்த நீண்ட வசனங்களை இரண்டு கிழமை நான் சொல்லிப் பார்ப்பேன். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு என் "ஓமப்பா", "இல்லையப்பா"க்களுக்குத் திரும்புவேன். கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் மனம் கொஞ்சம் இழுக்கும். இதை அந்த நாட்களில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அவருடைய மனைவி மலர் அக்கா எங்கள் நாடகங்களுக்கு வருவார். மூன்றாம் வரிசை ஓரக் கதிரை. முடிந்ததும் எழுந்து போய்விடுவார். கோயிலில் எதிரே கண்டால் என்னைத் தாண்டிப் பின்னால் யாரையோ பார்ப்பார். ஊர் வாய் சும்மா இருப்பதில்லை. ஒரு பெண் ஒன்பது நாடகத்தில் ஒருவருக்கு மனைவியாக நடித்தால் பத்தாவதை அது தானாகவே எழுதிவிடும். எங்களுக்குள் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் மூச்சு எங்கே எடுப்பார், எந்தச் சொல்லுக்கு முன் தோள் அசையும் என்பது எனக்கு மனப்பாடம். ஒரு மனைவிக்கு அது பிடிக்காமல் போனால் நான் என்ன குற்றம் சொல்ல முடியும்?

இனி, பாலா அண்ணையோடு நான் நடித்த கடைசி நாடகம். அதற்கு வைத்த பெயர் வேறு. நாங்கள் 'காணி நாடகம்' என்றே சொல்வோம். இரண்டே பாத்திரங்கள். இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணி இருபது இருபத்தைந்து வருஷம் கழித்து விடுபடுகிறது. கிழவனும் கிழவியும் திரும்பி வருகிறார்கள். வீடு இல்லை, வேலி இல்லை, பற்றைக் காடு. கிழவிக்கு ஒன்றும் பிடிபடவில்லை, "எங்கையப்பா எங்கடை வீடு?" என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். கிழவனுக்கு எல்லாம் ஞாபகம். வெறும் நிலத்தில் நின்று கையால் காட்டிக் காட்டி முழு வீட்டையும் கட்டி எழுப்புகிறான். கடைசியில் அவனுக்கு ஒரு நீண்ட வசனம். மாஸ்டரே எழுதியது. எழுபது வயது தாண்டிய மனிதர், இதுதான் தன் கடைசி நாடகம் என்று சொல்லியிருந்தார்.

மூன்றாவதோ நாலாவதோ மேடையேற்றத்தில், பாலா அண்ணை குசினியைக் காட்டிவிட்டுத் திரும்பவும் குசினியைக் காட்டினார். நான், "அது குசினியெண்டால் இதென்னப்பா, கிணத்தடியோ?" என்று கேட்டேன். அவர் முகம் தெளிந்தது. "ஓம், கிணத்தடி," என்று பிடித்துக்கொண்டார். சனத்துக்குத் தெரியாது. அடுத்த முறை இரண்டு இடத்தில் தவறினார். அதற்கடுத்து ஐந்து இடம். அவர் சொல்ல வேண்டியதை நான் கேள்வியாக்கிக் கேட்பேன், அவர் ஓம் என்பார். அவருடைய வசனம் முழுவதும் எனக்குத் தெரியும் என்பதால் அது பெரிய வேலையாக இருக்கவில்லை. பயம்தான் பெரிதாக இருந்தது. மேடையை விட்டு இறங்கியதும் அவர், "இண்டைக்கு நல்லாப் போச்சுது, என்ன மனோ?" என்பார். உண்மையாகவே அப்படி நம்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலர் அக்கா என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். முதல் முறை. கதிரையைக் காட்டினேன், நுனியில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"மேடையிலை அவர் மறக்கிறாரோ?"

நான் எதிர்க் கதிரையில் உட்கார்ந்தேன்.

"வீட்டிலை மறக்கிறார்," என்றார். "போன கிழமை தோட்டத்தாலை வரேக்கை வேறை ஒழுங்கைக்குள்ளை போய் நிண்டவர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனான். மறதி வருத்தமாம். கூடுமே தவிரக் குறையாதாம்."

"மறக்கிறார் அக்கா. நான் எடுத்துக் குடுக்கிறன்."

"தெரியும். மூண்டாம் வரிசையிலை இருந்து பார்க்கிறன்தானே." தேத்தண்ணிப் பேணியைக் கீழே வைத்தார். "தங்கச்சி, மாஸ்டருக்குச் சொல்லிப்போடாதையும். நாடகம் இருக்கிற நாளிலைதான் அவர் விடிய எழும்பித் தன்ரை பாட்டிலை சேவ் எடுக்கிறார். அதையும் பறிச்சுப்போட்டால் அவர் முழுக்கப் போயிடுவார்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த மேடை வல்வெட்டித்துறையில், கடற்கரையோரத்துத் திறந்த வெளி. நல்ல காற்று, அலைச் சத்தம், கதிரைகள் நிரம்பி நின்றுகொண்டும் சனம். பாலா அண்ணை பாதி நாடகம் வரைக்கும் ஒரு பிசகும் இல்லாமல் வந்தார். பிறகு கடல் பக்கம் திரும்பி நின்றார். அப்படி ஒரு அசைவு இந்த நாடகத்தில் கிடையாது. நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "கச்சான் காத்து விழுந்திட்டுது. பாயை இறக்கச் சொல்லு," என்றார்.

அது இருபது வருஷத்துக்கு முந்திய நாடகம். அதில் அவர் பாய்க்கப்பல் ஓட்டும் தண்டையல், நான் கரையில் காத்திருக்கும் மனைவி. கடல் சத்தம் அவரை அங்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. திருப்பிக் கூப்பிட்டுப் பார்க்கலாம். அவர் குழம்பினால் அத்தனை சனத்துக்கு முன் குழம்புவார். நான் அவருக்குப் பின்னாலேயே போனேன். அந்தப் பழைய நாடகத்தில் அடுத்தது என் வசனம்: "காத்து மாறினால் நீங்களும் மாறி வாங்கோவன்." சொன்னேன். அவர் சொன்னார். நான் சொன்னேன். அரைப் பக்கம் அப்படியே ஓடியது. இருவரும் ஒரு பாய்க்கப்பலில் நின்றோம். பிறகு, "கரைக்கு வந்திட்டம். இனி வீட்டைப் போவமே? எங்கையப்பா எங்கடை வீடு?" என்று கேட்டேன். அவர் மெல்லத் திரும்பி, நிலத்தைப் பார்த்து, "இதிலை படலை," என்றார். காணி நாடகத்துக்குள் வந்துவிட்டோம்.

முடிந்ததும் ஒரு வயதான அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "காணி தேட வந்த மனுசன் இடையிலை ஒருக்காக் கடலுக்குப் போயிட்டு வந்தார், என்ன? எங்கடை ஆக்களும் அப்பிடித்தான் பிள்ளை," என்றார். அவருக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

மாஸ்டர் எங்களை ஏற்றிவந்த வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடி பைக்குள் இருந்தது.

"என்ன நடந்தது?"

"எனக்குத்தான் மாஸ்டர் தடுமாறிப்போச்சுது. நான் பழைய நாடகத்துக்குப் போயிட்டன். பாலா அண்ணைதான் சமாளிச்சவர்."

அவர் திறந்திருந்த வண்டிக் கதவைச் சாத்தினார்.

"நீர் இவ்வளவு மோசமா நடிச்சு நான் ஒருநாளும் பார்க்கேல்லை," என்றார். "எத்தினை நாளா உது?"

வாக்கு அன்றோடு போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். மலர் அக்கா வந்ததையும் சேவ் எடுப்பதையும் கூடச் சொன்னேன். அவர் வண்டியில் ஏறினார்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் மூன்று பேரையும் மண்டபத்துக்கு வரச் சொன்னார், மலர் அக்காவையும் சேர்த்து. வெண்கட்டியால் கோடு கீறினார். பிறகு பிரதியை என்னிடம் நீட்டினார்.

"இனிக் கிழவிக்குத்தான் எல்லாம் ஞாபகம். கிழவன்தான் தேடுறான். நீங்கள் ரெண்டுபேரும் வசனத்தை மாத்துங்கோ."

உண்மையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்தக் கணத்தில் எனக்குள் சந்தோஷம் துள்ளியது. அந்த நீண்ட வசனம் என்னுடையது. இருபத்தைந்து வருஷம் திருப்பித் திருப்பிக் கொடுத்ததை இனிக் கொடுக்கத் தேவையில்லை. அடுத்த கணம் பக்கத்தில் நின்ற பாலா அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது.

"என்னை விசரனாக்கிப் பார்க்கப் போறியளோ?" அந்தக் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "எனக்கு ஒண்டுமில்லை. மனோ, நீர் சொல்லும். எனக்கு ஏதும் பிசகினதோ?"

மலர் அக்காதான் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

"பிசகினது, இஞ்சாருங்கோ. எனக்குத் தெரியும், இவவுக்குத் தெரியும், மாஸ்டருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நாங்கள் எல்லாரும் ஆளையாள் ஏமாத்திக்கொண்டு இருக்கிறம்."

பாலா அண்ணை ஒரு கதிரையில் போய் இருந்தார். மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை. வேறொருவரைப் போட்டு நாடகத்தை நடத்துவது அவருக்கு லேசான வழி. அதைப் பற்றி ஒரு சொல் அவர் சொல்லவில்லை. கடைசியில் பாலா அண்ணை தலையை நிமிர்த்தினார்.

"அப்ப, நான் மறந்தாலும் அது நாடகத்துக்குள்ளைதான் இருக்கும், என்ன?"

"ஓம்," என்றார் மாஸ்டர்.

"சரி. இவ எனக்கு எடுத்துக் குடுத்துக் களைச்சுப் போனா. இனிக் கேள்வியை நான் கேக்கிறன்."

மாற்றிய நாடகத்தை முதலில் மேடையேற்றியது தெல்லிப்பழைப் பக்கம், ஒரு வாசிகசாலை முற்றத்தில். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் அப்படியே விடுபட்ட காணிக்குத் திரும்பி வந்தவர்கள். பாலா அண்ணை மேடையில் நடந்து, குனிந்து, ஒரு பற்றையை விலக்கிப் பார்த்து, "எங்கை எங்கடை கிணறு?" என்று கேட்டார். அதே குரல், கடைசி வரிசை வரைக்கும் போனது. நான் மறுமொழி சொல்ல முன்னரே, சனத்துக்குள்ளிருந்து ஒரு கிழவர் எழுந்து நின்று, "கிழக்காலை பார் தம்பி, கிழக்காலை! தூர்ந்துபோய்க் கிடக்கும்," என்று கையை நீட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. பாலா அண்ணை அவருக்குத் தலையசைத்துவிட்டுக் கிழக்கே திரும்பிப் பார்த்தார்.

அப்படிக் கடைசிக் காட்சிக்கு வந்தோம். நான் நடு மேடைக்கு வந்து, மூச்சை இழுத்து, கையை நீட்டினேன். என் வசனம்: "இதிலை படலை."

நான் வாயெடுக்க முன், "இதிலை படலை," என்றார் பாலா அண்ணை.

திரும்பிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து நின்றார். கை நீண்டிருந்தது. தோள் அசைந்த விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த சொல்லும் வரப்போகிறது என்று.

"படலையைத் திறந்தா இடப்பக்கம் மாதுளை."

அது என் இடம். ஒரு அடி முன்னுக்கு வைத்து, "எட்டடி நடந்தாக் கிணறு," என்று நான் தொடர்ந்திருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். நாடகம் சரியாகப் போயிருக்கும். அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். பிறகு கையைக் கீழே விட்டேன்.

"எட்டடி நடந்தாக் கிணறு. கிணத்துக்கு அங்காலை குசினி. குசினி யன்னலாலை பார்த்தா நீர். புகைக்குள்ளை இருமிக்கொண்டு நீர். நான் வீட்டைத் தேடேல்லையப்பா. நீர் நிண்ட இடத்தைத் தேடுறன். அதைக் கண்டுட்டால் மிச்சமெல்லாம் தன்ரை பாட்டிலை வரும்."

ஒரு சொல் பிசகவில்லை. எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் நன்றாக நடித்த நாள் எது என்று கேட்டால், ஒன்றும் சொல்லாமல் நின்ற அந்த நாளைத்தான் சொல்வேன். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டபடி பின்னால் நின்றார். இறங்கி வந்த எங்கள் இருவரையும் பார்த்து, "ஓம், அப்பிடியே," என்று தொடங்கி, முடிக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாலு மேடை ஏறினோம். அந்த வசனம் அவருக்குத் திரும்ப வரவில்லை. நாலு முறையும் நான் சொன்னேன், நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். ஐந்தாவது முறை, மேடைக்குப் பின்னால் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தவர், "இண்டைக்கு ஆர் நடிக்கினம்?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "அப்ப நான் பார்க்கப்போறன்," என்று போய் மூன்றாம் வரிசையில் மலர் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். அன்று மாஸ்டர் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கிழவனாக நின்றார். அவர் கணிதம் படிப்பித்தது நல்லது என்று எல்லோருக்கும் தெரிந்த நாள் அது. அதோடு காணி நாடகம் முடிந்தது. மாஸ்டர் சொன்னது போலவே நிறுத்திக்கொண்டார். நான் இன்னும் இரண்டு நாடகம் வேறு ஆட்களோடு நடித்துவிட்டு, முழங்கால் ஏலாது என்றதும் விட்டேன். கிடைக்காமல் போனதென்று எண்ணிக் கொண்டிருக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பாலா அண்ணை இப்போது வீட்டோடு. உடம்பு நல்ல சுகம், சாப்பாடு பிழையில்லை. மலர் அக்கா கிழமையில் ஒருக்கால் என்னை வரச் சொல்வார். இரண்டு மாதத்துக்கு முன் போனபோது, என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சிலநேரம் என்னை மனோ எண்டு கூப்பிடுறார்," என்றார்.

நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"சும்மா இரும். எனக்குக் கோவமில்லை. அப்பிடிக் கூப்பிட்டால்தான் நல்லாக் கதைக்கிறார். ஆனா அவர் என்னத்தையோ சொல்லிப்போட்டு என்ரை முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறார். நான் திருப்பி ஏதோ சொல்லோணும் போலை. எனக்கு அது தெரியேல்லை." சாமான் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு கொப்பியும் பேனையும் எடுத்தார். "உம்மடை வசனத்தைச் சொல்லும். எழுதிறன்."

அன்று பின்னேரம் முழுக்கச் சொன்னேன். காணி நாடகம், தண்டையல் நாடகம், கல் பொறுக்கிய நாடகம். அவர் குண்டு குண்டான எழுத்தில் எழுதினார். சில இடங்களில் நிறுத்தி, "உதை எப்பிடிச் சொல்லுவீர்?" என்று கேட்டார். "அவர் எப்பிடிக் கேக்கிறாரோ அப்பிடி," என்று சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை மாம்பழம் கொண்டு போனேன். பாலா அண்ணை முற்றத்தில் கதிரையில் வேலியைப் பார்த்தபடி இருந்தார். மலர் அக்கா கையில் கொப்பியோடு அவருக்குப் பின்னால் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்புவிக்கிற மாதிரி, "எனக்கொண்டும் விளங்கேல்லையப்பா எங்கையப்பா எங்கடை வீடு," என்று ஒரே மூச்சில் சொன்னார்.

பாலா அண்ணை கையை உயர்த்தி அவரை மறித்தார்.

"பொறும். நான் இன்னும் திரும்பேல்லை. திரும்பினாப் பிறகு கேளும்."

கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெல்ல, காலை மாற்றி மாற்றி வைத்து, முழுதாக மனைவியின் பக்கம் திரும்பி நின்றார். மலர் அக்கா கொப்பியை மூடிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து மீண்டும் கேட்டார்.

நான் மாம்பழப் பையைப் படலையில் கொழுவிவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.